தவக்காலத்தில் விட்ட வாதத்தூள்

முழங்கால் வலிக்கு மருந்து கேட்டு இனிமேல் யாரும் என் வீட்டுப் படலையைத் திறக்க வேண்டாம். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான்கு மாதமாகிறது. இதற்குள் ஒரே கதையை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. வருகிறவர்கள் பாதியைக் கேட்டுவிட்டு, மீதியைத் தாங்களே சேர்த்து அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். பக்கத்து ஊரான கீரியில் ஒருத்தி எனக்கு யாரோ செய்வினை செய்துவிட்டதாகச் சொல்கிறாளாம். சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது. எழுதி வைத்தால் வேண்டியவர்கள் வாசித்துக்கொள்ளட்டும் என்று மகள் மிச்சம் விட்டுப்போன கொப்பி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு இருக்கிறேன்.

நான் தாழ்வுபாட்டுக்காரி. பெயர் றெஜினா, வயது ஐம்பத்திரண்டு. கணவர் கடலுக்குப் போகிறவர். ஒரே மகள் கலியாணம் முடித்து வவுனியாவில் இருக்கிறாள். நான் பல வருடமாக நண்டுக் கொட்டிலில் வேலை செய்கிறேன். அவித்த நண்டை உடைத்துச் சதையை வேறாக்கும் வேலை. விடிந்ததிலிருந்து ஈரச் சீமெந்துத் தரையில் நின்றபடிதான் செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கிறேன். கொட்டிலில் நிற்பதற்கும் முழங்கால் வேண்டும், கோயிலில் முழந்தாளிடுவதற்கும் முழங்கால் வேண்டும். எனக்கு இரண்டு முழங்காலும் ஒரே வருடத்தில் போனது.

பட்டினத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தையாக இருக்கிற பகுதி தேய்ந்துவிட்டது என்றார்கள். விழுங்கக் குளிசை தந்தார்கள். குளிசை வலியைக் குறைத்தது, வயிற்றை எரித்தது. பிறகு பக்கத்திலிருந்த சித்த மருந்தகத்துக்குப் போனேன். அங்கே இருந்த வைத்தியர் எங்கள் தீவுக்கு வெளியே பெருநிலப்பரப்பில் வயல் செய்கிற குடும்பத்துப் பெண். முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவர், என் மகளைவிட நான்கைந்து வயதுதான் கூட. நொச்சியிலையும் ஆமணக்கிலையும் வதக்கித் துணியில் முடிந்து ஒத்தணம் பிடிக்கச் சொன்னார். முடக்கொத்தான் இலையை அரைத்து, அரிசிமாவோடு கிண்டி, தாங்கக்கூடிய சூட்டில் முழங்காலில் வைத்துக் கட்டச் சொன்னார். இதைத்தான் எங்கள் பக்கத்தில் புக்கை கட்டுவது என்போம்.

"மூண்டு மாதம் விடாமல் செய்யுங்கோ அன்ரி. கொட்டிலிலை ஒரு கதிரை கேட்டு வாங்கி, இருந்துகொண்டு உடையுங்கோ. உடம்பையும் கொஞ்சம் குறைக்க வேணும்."

"கதிரை கேட்டா, வீட்டை போய் வடிவா இருந்துகொள்ளு எண்டு சொல்லுவினம் டொக்டர்."

"அப்ப இலையை மட்டும் குற்றம் சொல்லாதேங்கோ," என்றார் சிரித்துக்கொண்டு.

ஒரு மாதம் செய்தேன். பொய் சொல்லக் கூடாது, படுத்தால் நித்திரை வருகிற அளவுக்கு வலி இறங்கியது. ஆனால் வேலையால் வந்து இலை ஆய்ந்து, அரைத்து, கிண்டி, கட்டி, ஒரு மணித்தியாலம் காலை நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். எனக்குப் பொறுமை காணாது. கோயிலில் எல்லோரும் முழந்தாளிடும்போது நான் மட்டும் வாங்குப் பலகையில் குந்திக்கொண்டிருக்கிற வெட்கம் வேறு.

அந்த வருடம் திருவிழா நேரத்தில் ஒரு வேன்காரர் ஒலிபெருக்கி போட்டுக்கொண்டு வாதத்தூள் விற்றார். நூறு வீதம் மூலிகை, பக்கவிளைவு கிடையாது என்றார். சாம்பலும் மண்ணும் கலந்த நிறத்தில் தூள். மணந்து பார்த்தால் சுக்கு என்கிற வேர்க்கொம்பும் மிளகும். காலையில் தேத்தண்ணியில் அரைக் கரண்டி. மூன்றாம் நாள் நான் கோயிலில் முழந்தாளிட்டேன். எழுந்தும் நின்றேன், ஒன்றையும் பிடிக்காமல். கண்ணால் தண்ணீர் ஓடியது. பக்கத்தில் நின்றவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

நல்லது கிடைத்தால் பொத்தி வைக்கத் தெரியாத ஆள் நான். முதலில் என் மச்சாள் பிலோமினாவுக்குக் கொடுத்தேன். அவள் என் கணவரின் தங்கை, ஓலைத்தொடுவாயில் கலியாணம் கட்டியவள். கருவாடு காயவைத்துக் குனிந்து குனிந்தே இடுப்புப் போனவள். பிறகு கொட்டிலில் என்னோடு நிற்கிற ஏழு பேருக்குக் கொடுத்தேன். வேன்காரரின் தொலைபேசி இலக்கம் என்னிடம்தான் இருந்தது. தூள் பஸ்ஸில் பொதியாக வரும், நான் பிரித்துக் கொடுப்பேன். மிச்சத்தைப் பால்மாத் தகரப் பேணியில் போட்டு அலுமாரிக்குள் வைப்பேன். 'றெஜினாக்காவின்ரை தூள்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

இப்படி ஒன்றரை வருடம். என் முகம் உருண்டு திரண்டது. "நல்லா வந்திட்டாய்" என்றார்கள். கை எங்கேயாவது முட்டினால் நீலமாகக் கண்டிப்போனது. நண்டின் முள் கீறினால் ஆற ஒரு மாதம் எடுத்தது. வயது போனால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

விபூதிப் புதன் வந்தது. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு நிற்கிறோம். எதை விட்டால் உங்களுக்கு உண்மையாகவே நோகுமோ அதை இந்த நாற்பது நாளும் விடுங்கள் என்று சுவாமி பிரசங்கத்தில் சொன்னார். கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தவக்காலத்தில் விருப்பமான ஒன்றை விடுவதை நாங்கள் ஒறுத்தல் என்போம். பூசை முடிந்து முற்றத்தில் பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருத்தி சீனி, ஒருத்தி இறைச்சி, ஒருத்தி நாடகம் பார்ப்பது. எனக்கு அவை எல்லாம் பிசுக்கோத்துப் போல அற்ப ஒறுத்தலாகத் தெரிந்தன. வருடம் வருடம் பிள்ளைகளுக்கு ஒறுத்தலைப் பற்றிப் படிப்பிக்கிறவள் நான். சீனியை விடுவதா? அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன், தூளை விடுவதென்று.

பிலோவுக்கு மட்டும் தொலைபேசியில் சொன்னேன்.

"மச்சாள், உங்களுக்கு விசரே? காலைத் தூக்கி வைக்க மாட்டீங்கள்."

"நோகட்டும். அதுக்குத்தானே விடுறது. நீ ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

ஒறுத்தலை வெளியில் சொன்னால் பலன் போய்விடும் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. அவள் சொல்லவில்லை. அவள் எப்போதுமே என் சொல்லைக் கேட்கிறவள்.

முதல் இரண்டு நாளும் முழங்கால் மட்டும் நொந்தது. மூன்றாம் நாளிலிருந்து உடம்பில் எலும்பென்று இருந்த எல்லாம் நொந்தது. சோற்று மணம் பட்டால் ஓங்காளித்தது. கட்டிலை விட்டு எழும்பினால் கண் இருட்டியது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஒறுத்தல் வேலை செய்கிறது என்று நினைத்தேன். இந்த முறைதான் தவக்காலம் தவக்காலமாக இருக்கிறது என்று சந்தோசப்பட்டேன். இரண்டாம் வெள்ளி சிலுவைப்பாதைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனேன். ஒன்பதாம் தலம் ஆண்டவர் மூன்றாம் முறை விழுகிற இடம். அங்கே நானும் விழுந்தேன். ஊரில் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பாதை எனக்கு நினைவில்லை. கண்ணைத் திறந்தபோது கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. இரத்த அழுத்தம் விழுந்து கிடக்கிறது, சீனி குறைவு, இரத்தத்தில் இருக்க வேண்டிய உப்பும் குறைவு என்று தங்களுக்குள் கதைத்துக்கொண்டார்கள். வாட்டுக்குப் பொறுப்பான பெண் டொக்டர் என் கட்டிலடியில் வந்து நின்றார். மெலிந்த ஆள், கண்ணாடி, மூன்று நாள் நித்திரையில்லாத முகம்.

"அம்மா, என்ன மருந்து பாவிக்கிறனீங்கள்?"

"ஒண்டுமில்லை டொக்டர்."

"நாட்டு மருந்து, கசாயம், தூள், எண்ணெய்?"

"ஒண்டுமில்லை."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். முதல் காரணம் வெட்கம். நாட்டு மருந்து என்று வாயைத் திறந்தால் ஏச்சு விழும் என்று எங்கள் ஊரில் பிள்ளைக்கும் தெரியும். இந்தப் பக்கம் வந்தால் அந்தப் பக்கத்து மருந்தை மறைப்போம், அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கத்துக் குளிசையை மறைப்போம். இரண்டாவது காரணம் ஒறுத்தல். விழுந்த பிறகும்கூட அதன் பலன் போய்விடக் கூடாது என்று எனக்கு ஒரு ஆசை இருந்தது. அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

சேலைன் போத்தல் போத்தலாக ஏறியது. நான் எழும்பவில்லை. காய்ச்சலா, கிருமியா என்று தேடினார்கள். நெஞ்சுப் படம் எடுத்தார்கள், இதயத் துடிப்பைக் கடதாசியில் கீறி எடுத்தார்கள். இரத்தம் எடுக்கிற இடமெல்லாம் நீலமானது. அதை அந்த டொக்டர் பார்த்துக்கொண்டே நின்றார். ஞாயிறு காலை என் கணவரிடம் என் அடையாள அட்டையைக் கேட்டார். படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முகம் எப்ப தொடக்கம் இப்பிடி வட்டமாய் வந்தது?"

"இப்ப ஒண்டரை வருசம் இருக்கும்," என்றார் கணவர் பெருமையாக. "முந்தி வத்தலாய் இருந்தவ. இப்பதான் கொஞ்சம் தேறி வந்தவ."

டொக்டர் இரத்தம் எடுத்தார். எடுத்த கையோடு ஒரு ஊசியையும் போட்டார். பின்னேரத்துக்குள் எனக்குப் பசித்தது. அடுத்த நாள் நானே எழுந்து முகம் கழுவினேன். அப்படி ஒரு ஊசியை நான் கண்டதில்லை.

அன்றைக்குத்தான் கட்டிலில் பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்தினார். குண்டிக்காய், அதுதான் சிறுநீரகம், இரண்டுக்கும் மேலே தொப்பி வைத்ததுபோல ஒவ்வொரு சின்னச் சுரப்பி இருக்கிறதாம். உடம்பு நோயையும் களைப்பையும் தாங்குவதற்கு ஒரு சத்தை அதுதான் நாள்தோறும் சுரந்து விடுகிறது. அதே சத்தை மருந்தாகச் செய்திருக்கிறார்கள், ஸ்டீரொயிட் என்று பெயர். டொக்டர்மார் அளவறிந்து கொடுத்தால் உயிர் காக்கிற மருந்து. ஆனால் அதை மாதக்கணக்கில் வெளியிலிருந்து கொடுத்தால், நமக்கு வேலையில்லை என்று சுரப்பி நித்திரையாகிவிடும். அந்த நிலையில் மருந்தை ஒரேயடியாக விட்டால் உடம்புக்கு உள்ளேயிருந்தும் வராது, வெளியிலிருந்தும் வராது. ஆள் சரிந்துவிடும்.

"சாகவும் கூடும்," என்றார். "நீங்கள் எதையோ கன நாளாய்க் குடிச்சு, இப்ப திடீரெண்டு விட்டிருக்கிறீங்கள். மூலிகை எண்டு விக்கிற சிலதுக்குள்ளை இதைக் கலந்து விடுறவங்கள் இருக்கிறாங்கள். உங்களை ஏச நான் வரேல்லை. வேறை ஆரும் அதைக் குடிக்கினமோ எண்டு மட்டும் சொல்லுங்கோ. அவையும் திடீரெண்டு விடக் கூடாது."

எட்டுப் பெண்களின் முகமும் கண்ணுக்கு முன்னால் வந்தது. சொன்னால், நான் இவர்களுக்கு நஞ்சு பிரித்துக் கொடுத்தேன் என்றாகிவிடும். மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். ஒருத்திக்கும் தூளை விடுகிற எண்ணம் இல்லை. விடாதவரைக்கும் ஆபத்தில்லை என்று டொக்டரே சொல்கிறார். வீட்டுக்குப் போய் ஆறுதலாக ஒவ்வொருத்தியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

"எனக்குத் தெரியாது டொக்டர்," என்றேன்.

அவர் என்னை நம்பவில்லை. அது முகத்தில் தெரிந்தது. கோபிக்காமல் எழும்பிப் போனார். கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இரத்தப் பரிசோதனையை வெளியூருக்கு அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தோம். வாட்டில் பகல் பொழுது போகாது. காலையில் கூட்டுவார்கள், மருந்து மணக்கும், டொக்டர்மார் வருவார்கள், போவார்கள். பிறகு பார்வையாளர் நேரம் வரைக்கும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். என் கணவர் ஒரு நேரமும் தவறவில்லை. கடலால் வந்து குளித்துவிட்டுக் கஞ்சியோடு வருவார். அவித்த மீனில் முள் எடுத்துத் தருவார். ஒருநாள் என் தலையைப் பார்த்துவிட்டுச் சீப்பை எடுத்தார். வலை முடிகிற கைதான், ஆனால் அவருக்குப் பின்னல் வராது. இரண்டு தரம் பின்னி, இரண்டு தரம் அவிழ்த்து, கடைசியில் நைலோன் நூலால் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டார். வாட்டே பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்குக் கூச்சமில்லை. எனக்கு அழுகை வந்தது. இந்த மனிதருக்குக்கூட நான் உண்மை சொல்லவில்லையே என்றுதான் அழுதேன். முடிச்சு இறுக்கமோ என்று கேட்டார்.

பிலோ முதல் ஞாயிறு வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து அழுதுவிட்டுப் போனவள், பிறகு வரவில்லை. கேட்டால் கொஞ்சம் சுகமில்லையாம் என்றார் கணவர். நானும் விட்டுவிட்டேன். அடுத்த சனிக்கிழமை மத்தியானம், கஞ்சியை ஆற்றிக்கொண்டே அவர் சொன்னார்:

"கடற்கரை வாடியிலை பிலோவின்ரை மனுசனைக் கண்டனான். அவள் உனக்காக ஏதோ நேர்த்தி வைச்சிருக்கிறாளாம். நீ விழுந்த அண்டு தொடக்கம், ஏதோ வாதத்தூளாம், அதை விட்டிட்டாளாம். நீ சுகமாய் வீட்டை வரும்வரைக்கும் தொடமாட்டாளாம். இப்ப மூண்டு நாலு நாளாய்ச் சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்து, எழும்பேலாமல் கிடக்கிறாள் எண்டான்."

நான் விரல் விட்டு எண்ணினேன். வெள்ளியிலிருந்து சனி வரைக்கும் எட்டு நாள். நான் விழுந்தது ஒன்பதாம் நாள்.

"டொக்டரைக் கூப்பிடுங்கோ," என்றேன். "ஓடிப் போய்க் கூப்பிடுங்கோ."

டொக்டர் வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வேன்காரர், தூள், பால்மாப் பேணி, விபூதிப் புதன், எட்டுப் பேரின் பெயர். என் கணவருக்கும் அதுதான் முதல் தரம். டொக்டர் பெயர்களை எழுதிக்கொண்டார். பிலோவின் பெயர் வந்ததும் பேனையை நிறுத்தினார்.

"அவவுக்கு இப்ப ஃபோன் எடுங்கோ."

எடுத்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவளுடைய கணவர் அந்த நேரம் கடலில். பிள்ளைகள் சனிக்கிழமை வகுப்புக்குப் போயிருப்பார்கள். டொக்டர் அம்புலன்சுக்குச் சொல்லப் போனார். என் கணவர் அதற்கும் காத்திராமல் மோட்டார்சைக்கிள் திறப்பை எடுத்துக்கொண்டு வாட்டை விட்டு ஓடினார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

பிறகு இருந்த நேரத்தைத்தான் நான் ஆஸ்பத்திரி நாட்கள் என்று சொல்வேன். மற்றதெல்லாம் கிடந்த நாட்கள். தலைமன்னார் வீதியில் அவர் எந்த இடத்தில் போய்க்கொண்டிருப்பார் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். செபமாலையைக் கையில் எடுத்தேன், ஒரு மணிகூட உருளவில்லை. யாரிடம் என்ன கேட்பது? திங்கட்கிழமை அந்த டொக்டர் கட்டிலில் இருந்து கேட்டபோது வாயைத் திறந்திருந்தால், பிலோவுக்குச் செவ்வாயே மருந்து கிடைத்திருக்கும். என் பெயரைக் காப்பாற்ற நான் போட்ட கணக்கில் அவளுடைய அன்பை நான் சேர்க்கவில்லை. அப்படி ஒருத்தி எனக்காக விடுவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிலோவைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். குசினித் தரையில் கிடந்தாளாம். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, கண் மேலே செருகியிருந்தது. எனக்குப் போட்ட அதே ஊசியைப் போட்டார்கள். சேலைன் ஏற்றினார்கள். அன்றைக்கு அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஞாயிறு பூசை நேரத்துக்குத் தேவாலய மணி கேட்டபோதுதான் தலையைத் திருப்பி, தேத்தண்ணி கேட்டாள். வெறும் தேத்தண்ணி, சீனி கூடப் போட்டு.

இரண்டு கட்டில் தள்ளி எனக்கு நேரே அவள் கிடந்தாள். பேசக்கூடிய நிலை வந்ததும் கேட்டேன்:

"நாலு நாளாய்ச் சத்தி எடுத்தும் ஒருத்தருக்கும் சொல்லாமல் ஏனடி கிடந்தனீ?"

"நேர்த்தி எண்டா நோகத்தானே வேணும் மச்சாள். எனக்கு நோக நோக உங்களுக்குச் சுகமாகுது எண்டு நினைச்சுக்கொண்டு கிடந்தன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீங்கள் ஆருக்காக ஒப்புக்குடுத்து விட்டனீங்கள்?"

நான் யாருக்காகவும் விடவில்லை. சீனியை விட்ட பெண்களுக்கு முன்னால் என் மனதில் நானே பெரிய ஆளாக நிற்பதற்காக விட்டேன். அவள் கிடந்த கிடையைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது?

"உனக்காகத்தான்," என்றேன். "உன்ரை இடுப்புக்காக."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே நித்திரையாகிவிட்டாள்.

அடுத்த நாட்களில் கொட்டில் பெண்கள் ஏழு பேரும் வந்தார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல், தூள் பைகளைக் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தார்கள். டொக்டர் ஒருத்தியையும் ஏசவில்லை. ஒவ்வொருத்திக்கும் இரத்தம் எடுத்து, தூளுக்குப் பதிலாக அளவு தெரிந்த குளிசை எழுதிக் கொடுத்தார். அதை எப்படி மெல்ல மெல்லக் குறைப்பது என்று சொன்னார். சிலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். மேரி என்கிறவள் மட்டும் கட்டிலடியில் நின்று, "ஒண்டரை வருசம் சிரிச்சு நடந்தனான். இனி அந்த நோவோடை என்னை என்ன செய்யச் சொல்லுறாய்?" என்று கேட்டாள். அவள் இன்னும் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை.

வெளியூருக்குப் போன இரத்த முடிவும் வந்தது, டொக்டர் சொன்னபடியேதான். வேன்காரரின் இலக்கம் அதற்குப் பிறகு வேலை செய்யவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மிச்சத் தூளில் ஒரு சிட்டிகையை எடுத்துக்கொண்டு சித்த மருந்தகத்துக்குப் போனேன். அந்த இளம் வைத்தியர் உள்ளங்கையில் வைத்து மணந்து பார்த்தார்.

"வேர்க்கொம்பு, மிளகு, அமுக்கிரா. மணக்கிறதெல்லாம் நல்ல சாமான்தான். ஆனா தேய்ஞ்ச முழங்காலை மூண்டாம் நாள் மடக்கி நிமித்திறது இலையின்ரை வேலை இல்லை அன்ரி. அண்டைக்கே என்னட்டை வந்து ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்." அவர் குரலில் கோபத்தைவிட மனவருத்தம்தான் இருந்தது. "இப்ப எங்களைத்தான் பேசுவினம், மூலிகை எண்டாலே இப்பிடித்தான் எண்டு."

ஆஸ்பத்திரிக் குளிசையை விடக் கூடாது, தான் தருவதை அந்த டொக்டரிடம் மறைக்கவும் கூடாது என்று சொல்லி, என்ன இலை, என்ன எண்ணெய் என்று ஒரு துண்டில் எழுதித் தந்தார். நான் அதை ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன். இரண்டு டொக்டர்மாரும் ஒருத்தர் எழுதியதை ஒருத்தர் வாசிக்கிறார்கள். இவ்வளவு சின்ன வேலைக்குத்தான் நான் சாகக் கிடந்தேன்.

இப்போது குளிசை அரையாகியிருக்கிறது. இன்னும் சில மாதத்தில் காலாகும், பிறகு நிற்கும் என்கிறார்கள். சுரப்பி விழிக்க நாளெடுக்குமாம். முகம் வற்றிவிட்டது. வலி முழுதாகத் திரும்பி வந்துவிட்டது, ஒன்றும் குறையாமல். கொட்டிலில் கதிரை கேட்டேன். முதலில் மாட்டோம் என்றார்கள். எட்டுப் பேரும் சேர்ந்து நின்று கேட்டபோது நான்கு கதிரை வந்தது. முறை வைத்து இருக்கிறோம். கோயிலில் வாங்கில் குந்துகிறேன். களைத்துப்போய் இருக்கிறேன், அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது.

பிலோ சனிக்கிழமைகளில் பஸ் ஏறி வருகிறாள். அவளுடைய இடுப்புக்கு நான் ஒத்தணம் பிடிப்பேன். என் முழங்காலுக்கு அவள் புக்கை கட்டுவாள். ஊரெல்லாம் அவள் சொல்லித் திரிகிறாள், மச்சாள் எனக்காக வலி தாங்கி விழுந்தவ என்று. அது என் காதில் விழும் ஒவ்வொரு முறையும் பேச்சை மாற்றிவிடுகிறேன். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் சொன்னேன். அவளிடமே சொல்லும்படி சொன்னார். சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுதவே தொடங்கினேன், மற்றவர்களுக்காக என்று மேலே எழுதியதெல்லாம் சாட்டுப்போக்கு.

நேற்று சனிக்கிழமை. அவள் அடுப்படியில் முடக்கொத்தான் கிண்டிக்கொண்டிருந்தபோது கொப்பியை எடுத்து, 'நான் யாருக்காகவும் விடவில்லை' என்கிற இடம் வரைக்கும் சத்தமாக வாசித்தேன். அடுத்த வரிக்குப் போகுமுன் கொப்பியை மூடிவிட்டேன். அவள் சட்டியை இறக்கி வைத்து, துணியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து என் காலடியில் இருந்தாள்.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும் மச்சாள்," என்றாள். "காலை நீட்டுங்கோ, புக்கை ஆறப்போகுது."